வி.ஏ.ஆர். சோதனையைப் பின்தொடர்வது எப்படி? விசில் முதல் மறுதொடக்கம் வரை

தொலைக்காட்சியில் மறுஒளிபரப்பைப் பார்த்துவிட்டு, “இது ஃபவுல்தானே, வீடியோவைப் பார்த்த பிறகும் ஏன் கொடுக்கவில்லை?” என்று கத்தாத கால்பந்து ரசிகர் இருக்க முடியாது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் வீடியோ அறையில் இருந்து களத்து நடுவருக்கு உதவும் வீடியோ துணை நடுவரிடம் (ஆங்கிலச் சுருக்கம்: வி.ஏ.ஆர்.) அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. களத்தில் நடுவர் எடுத்த முடிவு அப்பட்டமாகத் தவறா என்பதைத்தான் அவர் பார்க்க வேண்டும். ‘நானாக இருந்தால் ஃபவுல் கொடுத்திருப்பேன்’ என்று அவருக்குத் தோன்றினாலும், நடுவரின் முடிவுக்கும் ஓரளவு நியாயம் இருந்தால் அவர் தலையிடக் கூடாது. வி.ஏ.ஆர். பற்றிய சண்டைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாக்கிக்கொள்வதால் வருபவை என்பது என் கணிப்பு.

ஒரு சோதனை தொடங்குவதிலிருந்து ஆட்டம் மறுபடி தொடங்கும் வரை என்னென்ன நடக்கிறது என்பதை அதே வரிசையில் இங்கே சொல்கிறேன். எந்தக் கட்டத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதும் ஆங்காங்கே வரும்.

கொஞ்சம் முன்கதை

2009 நவம்பரில் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் பிரான்சின் தியெரி ஹென்றி பந்தைக் கையால் அடக்கித் தள்ளிவிட, வில்லியம் கல்லாஸ் அதைத் தலையால் முட்டிக் கோலாக்கினார். அயர்லாந்து வெளியேறியது. அடுத்த ஜூனில் உலகக் கோப்பையிலேயே, ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் ஃபிராங்க் லாம்பார்ட் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கோட்டுக்கு நன்றாக உள்ளே விழுந்து வெளியே வந்தது. மைதானமே பார்த்தது, நடுவர் குழு மட்டும் பார்க்கவில்லை.

விதிகளை வகுக்கும் அமைப்பான ஐஃபாப் மெதுவாக நகரும் இடம். 1886இல் தொடங்கிய அந்த அமைப்பில் ஃபிஃபாவுக்கு 4 வாக்குகள், பிரிட்டனின் நான்கு சங்கங்களுக்குத் தலா ஒன்று. ஒரு விதியை மாற்ற 8இல் 6 வாக்கு வேண்டும். கோல்கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு 2012 ஜூலையில் அனுமதி கிடைத்தது. வீடியோ உதவியைச் சோதித்துப் பார்க்க 2016இல் ஒப்புதல். 2017இல் ஆஸ்திரேலியாவின் ஏ-லீக், அப்புறம் ஜெர்மனியின் புண்டஸ்லீகா, இத்தாலியின் சீரி ஆ. 2018 மார்ச் 3 அன்று சூரிச்சில் அது விதிப்புத்தகத்தில் ஏறியது. அந்தக் கோடையிலேயே ரஷ்ய உலகக் கோப்பைக்கும் வந்துவிட்டது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் 2019–20 பருவம் வரை காத்திருந்தது.

கோல்கோட்டுத் தொழில்நுட்பமும் வி.ஏ.ஆரும் வேறுவேறு என்பதை முதலிலேயே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். முன்னது மனிதர் தலையீடு இல்லாதது: பந்து முழுவதும் கோட்டைக் கடந்ததும் நடுவரின் கைக்கடிகாரம் ஒரு நொடிக்குள் அதிரும். பின்னது முழுக்க முழுக்க மனிதர்களின் வேலை.

படி 1: இது வீடியோ பார்க்கக்கூடிய விஷயமா?

நான்கு வகையான முடிவுகளுக்காகத்தான் இந்த ஏற்பாடு உருவானது: கோலா இல்லையா, பெனால்டியா இல்லையா, நேரடிச் சிவப்பு அட்டையா இல்லையா, அட்டை ஆள் மாறிக் காட்டப்பட்டதா. நடுக்களத்து ஃபவுல், தவறான த்ரோ-இன், வெறும் மஞ்சள் அட்டை எதுவும் இதில் இல்லை. இரண்டாவது மஞ்சளால் வரும் சிவப்பையும் 2018 விதி வெளியே வைத்தது. அது அன்றிலிருந்தே விமர்சிக்கப்பட்ட விலக்கு. விளைவு ஒன்றுதானே, ஒருவர் வெளியேறுகிறார், அப்படியிருக்க நேரடிச் சிவப்பை மட்டும் ஏன் பார்க்க வேண்டும் என்ற கேள்விக்கு, ‘எல்லாவற்றையும் பார்க்க ஆரம்பித்தால் ஆட்டம் நகராது’ என்பதைத் தவிர வலுவான பதில் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆட்ட விதிகள் ஆண்டுதோறும் திருத்தப்பட்டு வழக்கமாக ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வரும். ஆகவே நீங்கள் பார்க்கும் தொடரில் இந்த நான்கின் எல்லை எதுவரை என்பதை அந்தந்தப் பருவத்து விதிப்புத்தகத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. நண்பர்களோடு பந்தயம் கட்டுவதற்கு முன்பாவது.

படி 2: களத்தில் முதல் முடிவு

நடுவர் முடிவெடுக்காமல் இருக்க முடியாது. ‘எனக்குச் சரியாகத் தெரியவில்லை, வீடியோ பார்த்துச் சொல்கிறேன்’ என்பதற்கு விதியில் இடமில்லை. அவர் ஃபவுல் என்றோ இல்லை என்றோ ஒரு பக்கம் நின்றே ஆக வேண்டும். வீடியோவில் உறுதியாக எதுவும் தெரியாவிட்டால் அந்த முதல் முடிவுதான் நிற்கும். அதனால் ரசிகராக நீங்கள் முதலில் கவனிக்க வேண்டியது மறுஒளிபரப்பை அல்ல. நடுவர் களத்தில் என்ன காட்டினார் என்பதை. ஒரே மோதலுக்கு ஒரு வாரம் பெனால்டி கிடைத்து அடுத்த வாரம் கிடைக்காமல் போவதற்கு முக்கியக் காரணம் இதுதான். இரண்டு நடுவர்கள் களத்தில் இரண்டு விதமாக முடிவெடுத்திருப்பார்கள். இரண்டுமே அப்பட்டமான தவறாக இருந்திருக்காது.

கோட்டோரம் நிற்கும் துணை நடுவரின் வேலையும் மாறிவிட்டது. ஆஃப்சைடு (சக வீரர் பந்தைக் கொடுக்கும் நொடியில் தாக்குபவர் எதிரணித் தடுப்பைத் தாண்டி முன்னால் நிற்பது) என்று நினைத்த மறுநொடியே கொடியைத் தூக்குவது முன்பு வழக்கம். இப்போது நெருக்கமான கட்டம் என்றால், தாக்குதல் முடியும் வரை கொடியைக் கீழேயே வைத்திருக்க வேண்டும். கொடி தூக்கி விசில் ஊதிய பிறகு விழுந்த கோலை எந்த வீடியோவாலும் மீட்க முடியாது. கொடி தாமதமாக எழுந்தால் மீட்கலாம். நன்றாகத் தெரியும் ஆஃப்சைடுக்கும் சில நேரம் வீரர்கள் அத்தனை தூரம் ஓடி முடிக்கிறார்களே என்று எரிச்சல் வரும். அதன் விலை இதுதான்.

படி 3: சத்தமில்லாத சோதனை

பல பெரிய தொடர்களில் வீடியோ அறை மைதானத்திலேயே இருப்பதில்லை. 2018இல் எல்லா ஆட்டங்களுக்கும் மாஸ்கோவில் ஒரே அறை. பிரீமியர் லீக்குக்கு மேற்கு லண்டனில் ஸ்டாக்லி பார்க், புண்டஸ்லீகாவுக்குக் கோலோன். ரஷ்யாவில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு தலைமை வீடியோ நடுவரும் மூன்று உதவியாளர்களும் இருந்தார்கள். தலைமை நடுவர் ஒரு சம்பவத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தை விடாமல் பார்ப்பது ஓர் உதவியாளரின் பொறுப்பு. ஆஃப்சைடு திரை இன்னொருவருக்கு. எல்லோரும் களத்து நடுவர்களைப் போலவே சீருடை அணிந்து உட்கார்ந்திருந்தது அப்போது கேலிக்கும் ஆளானது.

இவர்களோடு மறுஒளிபரப்பை இயக்குபவர்களும் இருக்கிறார்கள். எந்தக் கேமராவில் எந்தக் கோணம் உதவும் என்று நொடியில் கண்டுபிடித்துக் கொடுப்பது அவர்கள்தான். வெளியில் பெயர் தெரியாத இந்த ஆட்களின் கைவேகத்தில்தான் ஒரு சோதனை 20 நொடியில் முடிகிறதா 3 நிமிடம் இழுக்கிறதா என்பது பெருமளவு இருக்கிறது.

யாரும் முறையிட வேண்டியதில்லை. எல்லாக் கோல்களும், பெனால்டிக்கு வாய்ப்புள்ள எல்லா மோதல்களும் தானாகவே சோதிக்கப்படுகின்றன. பெரும்பாலானவை ஆட்டம் ஓடும்போதே முடிந்துவிடும். நமக்குத் தெரியவே தெரியாது. நடுவர் காதில் விரலை வைத்துக்கொண்டு மறுகையை நீட்டினால், பேச்சு நடக்கிறது, மறுதொடக்கம் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அவர் விரல்களால் காற்றில் திரை போலச் சதுரம் வரைந்தால் சோதனை முடிந்து முறையான மறுபார்வை தொடங்கிவிட்டது. முடிவு மாறும்போதும் அதே சைகைதான் வரும்.

அந்தச் சைகையை வீரர்கள் நடுவரிடம் காட்டி வற்புறுத்தினால் மஞ்சள் அட்டை. திரை வைத்திருக்கும் பகுதிக்குள் நுழைந்தாலும் மஞ்சள்.

படி 4: கண்ணால் அளப்பதா, மனத்தால் அளப்பதா?

இங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. பந்து எல்லைக்கு வெளியே போனதா, ஃபவுல் பெனால்டிப் பகுதிக்கு உள்ளே நடந்ததா, வீரர் ஆஃப்சைடு நிலையில் நின்றாரா — இவை அளந்து சொல்லக்கூடியவை. வீடியோ நடுவர் காதில் சொன்னால் போதும். களத்து நடுவர் வழக்கமாகத் திரைக்கு ஓட மாட்டார். மோதலின் கடுமை, ஹேண்ட்பால் ஃபவுல்தானா, ஆஃப்சைடில் நின்றவர் கோல்கீப்பரின் பார்வையை மறைத்தாரா என்பதெல்லாம் தீர்ப்பு சார்ந்தவை. இவற்றுக்குத்தான் நடுவர் கோட்டோரத் திரைக்குப் போகிறார்.

‘அப்பட்டமான தவறு’ என்ற அளவுகோல் முதல் வகைக்குப் பொருந்தாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு கால்விரல் ஆஃப்சைடு என்றாலும் ஆஃப்சைடுதான். அப்பட்டமாக இல்லையே என்று விட்டுவிட முடியாது.

2022 டிசம்பர் 1 அன்று ஜப்பானும் ஸ்பெயினும் ஆடிய ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். காவோரு மிதோமா கோல்கோட்டருகே காலை நீட்டி இழுத்துக் கொடுத்த பந்தை ஆவோ தனாகா கோலாக்கினார். சாதாரணக் கோணத்தில் பார்த்தவர்களுக்கெல்லாம் பந்து வெளியே போய்விட்டது போலத்தான் தெரிந்தது. ஆனால் விதி கேட்பது பந்து தரையைத் தொட்ட புள்ளியை அல்ல. பந்தின் முழு உருண்டையும் கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் அதன் வளைவு கோட்டின் மேல் ஒரு மயிரிழை நின்றுகொண்டிருந்தது. கோல் செல்லும் என்றார்கள். ஜப்பான் 2–1 என வென்றது; அதே இரவில் கோஸ்டா ரிகாவை வென்றும் ஜெர்மனி ஊருக்குக் கிளம்பியது. சாய்ந்த கோணத்தில் எடுத்த ஒரே படத்தை வைத்துக்கொண்டு ‘பந்து வெளியே’ என்று வாதிடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

படி 5: ஆஃப்சைடு கோடு எங்கே விழுகிறது?

அதிகம் வாய்ச்சண்டை நடக்கும் இடம் இது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் எந்த நொடி. சக வீரர் பந்தைத் தொட்ட முதல் தொடுகைதான் கணக்கு. பந்து காலைவிட்டுப் பிரிந்த நொடி அல்ல. அடுத்து எந்த உறுப்பு. கையும் தோளுக்குக் கீழுள்ள புஜமும் கணக்கில் வராது, ஏனென்றால் அவற்றால் கோல் அடிக்க முடியாது. அக்குளின் அடிமட்டத்துக்கு நேராக ஒரு கோடு இழுத்து, அதற்கு மேலிருப்பதைத் தோள் என்கிறார்கள். தலை, உடல், கால் எது முந்தியிருந்தாலும் ஆஃப்சைடு. கடைசியாக, யாரோடு ஒப்பிடுவது. கடைசிக்கு முந்தைய எதிரணி வீரரோடு. வழக்கமாகக் கடைசி ஆள் கோல்கீப்பர் என்பதால் ‘கடைசித் தடுப்பாட்டக்காரர்’ என்றே பேசிப் பழகிவிட்டோம். கோல்கீப்பர் முன்னேறி வந்துவிட்டால் கணக்கு மாறிவிடும்.

2022 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில், மூன்றாவது நிமிடத்திலேயே இதுதான் நடந்தது. ஈக்வடாரின் என்னர் வலென்சியா தலையால் முட்டிய கோல் ரத்தானபோது உலகம் முழுக்கக் குழப்பம்: ஆஃப்சைடு எங்கே இருக்கிறது? கத்தார் கோல்கீப்பர் பந்தைப் பிடிக்க வெளியே வந்திருந்தார். அந்த நொடியில் ஈக்வடாரின் மைக்கேல் எஸ்ட்ராடாவுக்குப் பின்னால் ஒரே ஒரு தடுப்பாட்டக்காரர்தான் இருந்தார். கோட்டைத் தாண்டியிருந்தது எஸ்ட்ராடாவின் கால்.

தானியங்கி உதவி வருவதற்கு முன் கோடு போட்டது மனிதர்கள். பந்து தொடப்பட்ட ஃபிரேமைத் தேர்ந்தெடுத்து, தாக்குபவர் மேல் ஒன்று, தடுப்பவர் மேல் ஒன்று எனக் கோடு இழுப்பார்கள். சிக்கல் ஃபிரேமில்தான். நொடிக்கு 50 ஃபிரேம் என்றால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 0.02 நொடி இடைவெளி. நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடும் வீரர் அந்த இடைவெளியில் 16 சென்டிமீட்டர் நகர்ந்திருப்பார். தடுப்பாட்டக்காரர் எதிர்த்திசையில் ஓடிவந்தால் வித்தியாசம் இன்னும் கூடும். உண்மையான தொடுகை இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவில் எங்கேயோ நடந்திருக்க, நாம் திரையில் 2 சென்டிமீட்டர் ஆஃப்சைடு என்று பார்த்துக்கொண்டிருந்தோம். பிரீமியர் லீக் 2021–22 பருவத்திலிருந்து கோட்டைத் தடிமனாக்கி, நூலிழை வித்தியாசத்தைத் தாக்குபவருக்குச் சாதகமாக விட்டது இதனால்தான். அதைப் புத்திசாலித்தனமான முடிவு என்றே நினைக்கிறேன்.

கத்தாரில் வந்த அரைத் தானியங்கி முறை இதன் பெரும்பகுதியைத் தீர்த்தது. மைதானக் கூரைக்கு அடியில் 12 தனிக் கேமராக்கள் ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை குறித்துக்கொண்டன. பந்துக்குள் இருந்த சென்சார் நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது; தொடுகை நடந்த நொடியை ஊகிக்க வேண்டிய தேவை போய்விட்டது. ஆஃப்சைடு என்று கணினி எச்சரித்ததும், வீடியோ அறையில் இருப்பவர்கள் தொடுகையின் நொடியையும் கோட்டையும் சரிபார்த்த பிறகே நடுவருக்குச் சொல்வார்கள். ‘அரை’ என்பது அதற்காகத்தான். தவிர, நின்ற நிலையை மட்டுமே அது சொல்லும். அவர் ஆட்டத்தில் தலையிட்டாரா என்பது பழையபடி நடுவரின் தலைவலி. பிரீமியர் லீக் இந்த முறையை 2025 ஏப்ரலில்தான் கொண்டுவந்தது.

முப்பரிமாணப் படம் திரையில் வரும்போது, அது முடிவு எடுத்த பிறகு நமக்காக வரையப்படுவது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: எவ்வளவு தூரம் பின்னோக்கிப் போகலாம்?

கோலைச் சோதிக்கும்போது கடைசி உதையோடு நிறுத்திவிட மாட்டார்கள். அந்தத் தாக்குதல் எங்கே தொடங்கியதோ அதுவரை பின்னால் போவார்கள். தாக்கும் அணி பந்தைக் கைப்பற்றியபோது ஃபவுல் செய்ததா, இடையில் பந்து வெளியே போனதா, ஆஃப்சைடு இருந்ததா என்று பார்ப்பார்கள். எதிரணி நடுவில் பந்தைத் தெளிவாகக் கட்டுப்பாட்டில் எடுத்திருந்தால் சங்கிலி அங்கே அறுந்துவிடும்.

2023 நவம்பரில் அர்செனலுக்கு எதிராக நியூகாசிலின் ஆன்டனி கார்டன் அடித்த கோல் இதற்கு அருமையான பாடம். ஒரே கோலுக்கு மூன்று சோதனை. ஜோ வில்லாக் துரத்திப் பிடித்த பந்து கோல்கோட்டுக்கு வெளியே போனதா? ஜோலிண்டன் தன் எதிரியான கேப்ரியலை முதுகில் தள்ளினாரா? பந்து வந்தபோது கார்டன் ஆஃப்சைடா? ஒவ்வொன்றுக்கும் கிடைத்த பதில் ‘முடிவை மாற்றப் போதுமான ஆதாரம் இல்லை’. களத்தில் கோல் என்று கொடுத்திருந்தார்கள், ஆகவே கோல். நியூகாசில் 1–0 என வென்றது. களத்தில் கோல் இல்லை என்று கொடுத்திருந்தால், இதே படங்களை வைத்து அந்த முடிவும் நின்றிருக்க வாய்ப்பு உண்டு.

2019 ஏப்ரலில் சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் மான்செஸ்டர் சிட்டிக்கு நேர்ந்தது இதற்கு நேரெதிர். டாட்டன்ஹாமுக்கு எதிராக, 90 நிமிடத்துக்குப் பின் ஈடாகச் சேர்க்கப்பட்ட நிமிடங்களில் ரஹீம் ஸ்டெர்லிங் அடித்த கோல் சிட்டியை அரையிறுதிக்கு அனுப்பியிருக்கும். பயிற்சியாளர் பெப் கார்டியோலா துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தார். பந்தை ஸ்டெர்லிங்குக்குக் கொடுத்த செர்ஹியோ அகுவேரோ ஆஃப்சைடு என்று வந்தது. டாட்டன்ஹாம் வீரர் பின்னோக்கித் தட்டிய பந்து என்று தோன்றினாலும், வழியில் சிட்டியின் பெர்னார்டோ சில்வா மீது அது உரசியிருந்தது. அந்த உரசலிலிருந்துதான் கணக்கு. இரண்டு ஆட்டங்களும் சேர்ந்து 4–4. எதிரணி மைதானத்தில் அதிகக் கோல் அடித்த அணிக்கே வாய்ப்பு என்ற அப்போதைய வெளியூர்க் கோல் கணக்கில் டாட்டன்ஹாம் முன்னேறியது.

படி 7: கோட்டோரத் திரை

நடுவர் திரைக்கு ஓடுகிறார் என்றால் வீடியோ அறை ஏற்கெனவே ஒரு கருத்துக்கு வந்து, ‘நீங்களே பாருங்கள்’ என்று சொல்லியிருக்கிறது. அதனால் பெரும்பாலும் முடிவு மாறும். ஆனால் மாற்றித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. கடைசி வார்த்தை எப்போதும் களத்து நடுவருடையது. திரையைப் பார்த்துவிட்டுத் தன் பழைய முடிவிலேயே நிற்கும் நடுவரைக் கண்டால் எனக்கு மரியாதை கூடும்.

உலகக் கோப்பையில் இந்த முறையால் கிடைத்த முதல் பெனால்டி 2018 ஜூன் 16 அன்று வந்தது. ஆன்டுவான் கிரீஸ்மன் விழுந்ததும் உருகுவே நடுவர் ஆந்திரேஸ் குன்யா முதலில் ஆட்டத்தைத் தொடரவிட்டார். பிறகு நிறுத்தி, திரையைப் பார்த்து, ஆஸ்திரேலியாவுக்கு எதிராகப் பெனால்டி கொடுத்தார். அதே தொடரின் இறுதி ஆட்டத்தில் குரோஷியாவின் இவான் பெரிஷிச் கையில் பந்து பட்டதா என்று பார்க்கப் போன நெஸ்டர் பிட்டானா, பார்த்துவிட்டுத் திரும்பியவர் நின்று, மறுபடி திரைக்கே போய் இன்னொரு முறை பார்த்தார். பெனால்டி என்று கொடுத்தார். அது சரியா என்று இன்றும் பேசுகிறார்கள். இரண்டு முறை பார்க்க வேண்டியிருந்தது என்றால் முதல் முடிவு அப்பட்டமான தவறாக இருந்திருக்குமா என்ற கேள்வி எனக்கும் உண்டு.

திரையில் எந்த வேகத்தில் காட்டப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். எங்கே பட்டது, யார் மேல் பட்டது, பந்து கையில் பட்டதா என்பதற்கு மெதுவான ஓட்டம் சரி. எவ்வளவு கடுமையாக மோதினார், வேண்டுமென்றே செய்தாரா என்பதற்கு இயல்பான வேகத்தில்தான் பார்க்க வேண்டும் என்பது நெறிமுறை. காரணம் எளிது. மெதுவாக ஓட்டினால் எந்த மோதலும் திட்டமிட்டது போலத் தெரியும். உறைய வைத்தால் எந்த உதையும் எலும்பை உடைப்பது போலத் தெரியும். 2023 செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாமுக்கு எதிரான ஆட்டத்தில் லிவர்பூலின் கர்டிஸ் ஜோன்ஸுக்குக் காட்டிய மஞ்சள் அட்டை, திரையைப் பார்த்த பிறகு சிவப்பானது. அவருடைய கால் பந்தின் மேல் பட்டு வழுக்கிப் போய் எதிராளியின் கணுக்காலில் பதிந்தது. நடுவருக்கு முதலில் காட்டப்பட்டது அந்தப் பதிந்த நொடியின் உறைந்த படம் என்று விமர்சனம் எழுந்தது. லிவர்பூல் மேல்முறையீடு செய்தும் சிவப்பு நீங்கவில்லை.

ஹேண்ட்பாலில் மட்டும் ஒரு தனிக் குறிப்பு. தெரியாமல் கையில் பட்டாலும், அடித்தவரே உடனே கோலாக்கினால் கோல் கிடையாது. ஆனால் சக வீரரின் கையில் தெரியாமல் பட்டு இவரிடம் வந்த பந்து என்றால், 2021–22 பருவம் முதல் கோல் செல்லும்.

படி 8: மறுதொடக்கம் என்னும் பூட்டு

ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் பழைய முடிவைத் திருத்த முடியாது. ஆள் மாறாட்டம், வன்முறை, துப்புதல், கடித்தல் போன்ற சிவப்பு அட்டைக் குற்றங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. இந்த ஒரு விதிதான் மேலே சொன்ன அதே டாட்டன்ஹாம்–லிவர்பூல் ஆட்டத்தைச் சரித்திரமாக்கியது.

லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் கோல் அடித்தார். துணை நடுவர் ஆஃப்சைடு கொடி காட்டினார். வீடியோ அறை பார்த்தது. டியாஸ் ஆஃப்சைடே இல்லை. ஆனால் களத்தில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்று வீடியோ நடுவர் தவறாக நினைத்துக்கொண்டிருந்தார். ‘சோதனை முடிந்தது’ என்றார். களத்து நடுவருக்கு அதன் பொருள் ‘உங்கள் ஆஃப்சைடு முடிவு சரி’. டாட்டன்ஹாம் ஃப்ரீ கிக் எடுத்து ஆட்டத்தைத் தொடங்கிவிட்டது. மறுஒளிபரப்பை இயக்கியவர்தான் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று முதலில் கவனித்தார். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லலாமே என்ற பேச்சும் எழுந்தது. ‘தொடங்கிவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது’ என்பதே பதில். சில நாட்களில் ஒலிப்பதிவு வெளியானபோது, தொழில்நுட்பம் எந்த இடத்திலும் தவறவில்லை என்பது தெரிந்தது; தவறியது இரண்டு மனிதர்களுக்கிடையே ஒரு வாக்கியம். ஆட்டம் 2–1 என டாட்டன்ஹாமுக்குப் போனது.

பூட்டு மூடாத வரை எவ்வளவு விசித்திரமானாலும் திருத்தலாம். 2018 ஏப்ரலில் மைன்ஸும் ஃப்ரைபர்க்கும் ஆடிய புண்டஸ்லீகா ஆட்டத்தில் முதல் பாதி முடிந்து வீரர்கள் உடைமாற்றும் அறைக்கே போய்விட்டார்கள். அப்போது வீடியோ அறையிலிருந்து நடுவருக்குச் செய்தி: பாதி முடியும் முன் ஒரு ஹேண்ட்பால் நடந்திருக்கிறது. நடுவர் வீரர்களைத் திரும்ப அழைத்தார். மைன்ஸ் பெனால்டியைக் கோலாக்கியது. இரண்டாம் பாதி தொடங்கியிருக்கவில்லை என்பதால் எல்லாம் விதிப்படிதான்.

படி 9: ஆட்டம் முடிந்த பிறகு

வி.ஏ.ஆர். தவறியது, கருவி பழுதானது என்ற காரணங்களால் ஆட்டத்தின் முடிவு செல்லாமல் போகாது. இது நெறிமுறையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 2020 ஜூன் 17 அன்று ஆஸ்டன் வில்லாவின் கோல்கீப்பர் ஓர்யான் நீலண்ட் பந்தைப் பிடித்தபடியே தன் கோலுக்குள் போய்விட்டார். கேமராக்களை ஆட்கள் மறைத்துக்கொண்டதால் கோல்கோட்டுக் கருவி அதிரவில்லை. நடுவர் தன் கடிகாரத்தைக் காட்டி ஒன்றும் வரவில்லை என்றார். வீடியோ நடுவரால் தலையிட்டிருக்க முடியும். அவரும் கருவியை நம்பிவிட்டார். ஷெஃபீல்ட் யுனைடெட்டுக்குக் கிடைக்க வேண்டிய கோல் கிடைக்காமல் ஆட்டம் 0–0. அந்தப் பருவத்தில் வில்லா ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் தரமிறக்கத்திலிருந்து தப்பியது.

2023 மகளிர் உலகக் கோப்பையிலிருந்து, மறுபார்வைக்குப் பிறகு நடுவரே ஒலிபெருக்கியில் முடிவை அறிவிக்கும் வழக்கம் பரவி வருகிறது. காரணத்தை ஒரு வரியில் சொல்கிறார்கள். அந்த வரியைக் கேளுங்கள். நான்கு வகையில் எது, அளந்ததா தீர்ப்பா என்பது அதிலேயே இருக்கும்.

வீடியோ அறை இல்லாத தொடர்களில்

இந்த ஏற்பாட்டுக்குப் பணமும் ஆளும் நிறைய வேண்டும். சுவீடனின் முதல்நிலை லீக் ரசிகர்களின் எதிர்ப்பால் இதைக் கொண்டுவரவே இல்லை. இங்கிலாந்தில் 2024 ஜூனில் வுல்வ்ஸ் கிளப் வி.ஏ.ஆரைக் கைவிடலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தது. 19–1 என்ற வாக்கில் தோற்றது, ஆதரவளித்த ஒரே வாக்கு அவர்களுடையதே.

வசதி குறைந்த தொடர்களுக்காக ஃபிஃபா சோதித்துவரும் எளிய மாற்று ஒன்று 2024இல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பையில் அறிமுகமானது. அங்கே தனி வீடியோ நடுவர் கிடையாது, கேமராக்களும் சிலவே. ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் ஆட்டத்துக்கு இரண்டு கோரிக்கைகள். சம்பவம் நடந்ததும், ஆட்டம் மறுபடி தொடங்கும் முன், அவர் விரலைக் காற்றில் சுழற்றிக் காட்டி நான்காவது நடுவரிடம் ஓர் அட்டையைக் கொடுக்க வேண்டும். களத்து நடுவரே திரையில் பார்த்து முடிவு சொல்வார். முடிவு மாறினால் அந்தக் கோரிக்கை பயிற்சியாளரிடமே இருக்கும், மாறாவிட்டால் கழிந்துவிடும். இப்படிப்பட்ட ஆட்டத்தைப் பார்க்கும்போது, மோதல் நடந்தவுடன் கோட்டோரத்தில் பயிற்சியாளரின் கை எங்கே போகிறது என்று பாருங்கள்.